மண்டபத்தில் அடைத்து, மாலையில் விடுவித்த பிறகு

அமைதியான போராட்டமும் சட்டமும் – சொற்பொழிவின் எழுத்து வடிவம்



தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் எவருக்கும் மனப்பாடமாகிவிட்ட ஒரு செய்தி உண்டு: ‘ஆர்ப்பாட்டத்தில் ஈடுபட்டவர்களைப் போலீசார் கைது செய்து தனியார் திருமண மண்டபத்தில் அடைத்தனர். மாலையில் அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.’ ஊர் மாறும், கட்சி மாறும், கோரிக்கை மாறும். செய்தி மட்டும் மாறாது.

அந்த மண்டபத்துக்குள் நடப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். வாசலில் ஒரு ஏட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீளக் குறிப்பேட்டில் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி, கைபேசி எண் என்று வரிசையாக எழுதிக்கொள்வார். மதியம் சாம்பார் சாதமோ எலுமிச்சை சாதமோ பொட்டலமாக வரும். மணமேடையில் சிலர் துண்டை விரித்துப் படுப்பார்கள். சிலர் கைபேசியை மின்னேற்ற இடம் தேடுவார்கள். ஐந்தரை, ஆறு மணிக்குக் கதவு திறக்கும். வெளியே வந்தவர் டீ குடித்துவிட்டுப் பேருந்து ஏறுவார். அவரைப் பொறுத்தவரை அன்றைய போராட்டம் முடிந்தது.

குறிப்பேட்டைப் பொறுத்தவரை முடியவில்லை. சில மாதங்கள் கழித்து வீட்டுக்கு ஒரு சம்மன் வரும். அல்லது கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோதோ, அரசு வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பின்போதோ, தன் பெயரில் ஒரு வழக்கு இருப்பது முதன்முறையாகத் தெரியவரும். எந்தப் பிரிவு, எந்தத் தேதி, யார் புகார் கொடுத்தது என்ற எதற்கும் அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

இன்றைய உரை அந்தக் காகிதங்களைப் பற்றியது. அனுமதி கேட்ட மனு, அதை மறுத்த கடிதம், தடை உத்தரவு, கைதுக் குறிப்பு, எஃப்.ஐ.ஆர். நகல் என ஒவ்வொரு கட்டத்திலும் அரசு எதையாவது எழுத்தில் தந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போராட்டக்காரரின் உரிமை பெரும்பாலும் அந்த எழுத்தைக் கேட்டு வாங்குவதில்தான் இருக்கிறது.

மரக்கிளையில் தொங்கிய சோறு

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தார்கள். உப்பு அள்ளுவது நோக்கம். தஞ்சை மாவட்டக் கலெக்டராக இருந்த தார்ன், நடந்து போகிறவர்களைத் தொடவில்லை. வழியில் அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் தருகிறவர்களைத் தண்டிப்பேன் என்று எச்சரித்தார். அதற்கு அவர் எடுத்த ஆயுதம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவு. சட்டவிரோதக் கூட்டத்துக்காகத் திரட்டப்பட்டவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவு அது.

தஞ்சாவூர்க்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று எந்தப் போலீஸ்காரரும் எழுத முடியாது. படை ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தது. 30ஆம் தேதி உப்பெடுத்த ராஜாஜி கைதானார்.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வாசகம் எழுதிக் கோலம் போட்ட பெண்களைப் போலீசார் பிடித்துச் சென்றார்கள். அவர்களைப் பார்க்கப் போன வழக்கறிஞர்களும் பிடித்து வைக்கப்பட்டார்கள். போராடுகிறவரைவிட அவருக்குத் துணை நிற்பவரைக் குறிவைப்பது 1930இல் ஒரு கலெக்டரின் கண்டுபிடிப்பு. அந்த உத்தி இன்னும் பணியில்தான் இருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. தார்னின் உத்தரவை எதிர்த்து நிற்க அன்று அடிப்படை உரிமைகளைச் சொல்லும் அரசியலமைப்புச் சட்டம் இல்லை. இன்று இருக்கிறது.

அனுமதி என்ற முதல் வாசல்

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது குடிமக்களின் உரிமை என்கிறது அரசியலமைப்பின் 19(1)(பி) பிரிவு. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 19(3). போராட்டம் தொடர்பான வழக்குகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பவைதான்.

இதில் அடித்தளம் போட்ட வழக்கு ஆமதாபாத்திலிருந்து வந்தது. பொது இடத்தில் கூட்டம் நடத்த அனுமதி மறுக்கப்பட்ட ஹிம்மத்லால் ஷா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972இல் தீர்ப்பு வந்தது. தெருவிலும் திறந்தவெளியிலும் கூட்டம் போடுவதை அரசு நெறிப்படுத்தலாம்; அடியோடு தடுக்க முடியாது. கொடுப்பதும் மறுப்பதும் ஒரு அதிகாரியின் விருப்பம் என்று எந்த வரையறையும் இல்லாமல் விடும் விதி செல்லாது. அந்தக் காவல்துறை விதியை நீதிமன்றம் ரத்து செய்தது.

தமிழ்நாட்டில் அனுமதி விவகாரத்தை நடத்துபவை இரண்டு பழைய சட்டங்கள். சென்னைக்கு 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம். அதன் 41ஆம் பிரிவின்கீழ் ஆணையர் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் கட்டுப்படுத்துகிறார். அரசின் ஒப்புதல் இல்லாமல் இந்த உத்தரவு 15 நாட்களுக்கு மேல் நிற்காது. எனவே பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிப்பது வழக்கமாகிவிட்டது. மாவட்டங்களுக்கு 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், பிரிவு 30(2). ‘மாவட்டத்தில் 30(2) அமலில் இருக்கிறது, அதனால் கூட்டம் கிடையாது’ என்று காவல் நிலையத்தில் சொல்வது சகஜம். ஆனால் அந்தப் பிரிவு கூட்டத்துக்கு உரிமம் கேட்டு வரச் சொல்கிறதே தவிர, கூட்டமே கூடாது என்று எங்கும் சொல்லவில்லை.

ஆகவே முதல் காகிதம், மனு. எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடம், சுமார் எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் யார் என்று தெளிவாக எழுத வேண்டும். காவல் நிலையத்தில் கொடுத்ததற்கு ஒப்புகை முத்திரை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். நாள் நெருங்கக் கொடுத்தால், நீதிமன்றம் போக நேரம் இருக்காது. காவல்துறையிலும் அந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் உண்டு. மறுப்புக் கடிதம் கூட்டத்துக்கு முந்தைய இரவு கைக்கு வருவது அப்படித்தான். கடிதம் வராமல் வாய்மொழியாக ‘இல்லை’ என்றால், மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேட்க வேண்டும். காரணம் எழுதப்பட்டால்தான் அது நியாயமானதா என்று உயர் நீதிமன்றம் பார்க்க முடியும்.

நீதிமன்றம் போனால் ஜெயம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கானோர் ஒரு வாரம் அமைதியாகக் கூடியிருந்தார்கள். அதன்பின் மெரினா போராட்டக்காரர்களுக்கு மூடப்பட்டது. 2018இல் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு காவிரிப் பிரச்சினைக்காக அங்கே 90 நாள் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார். உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். அரசின் மேல்முறையீட்டில் டிவிஷன் பெஞ்ச் அதையும் ரத்து செய்தது. வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் என்று ஒதுக்கப்பட்ட இடங்களுக்குள்தான் சென்னையின் குரல் இன்று ஒலிக்கிறது.

டெல்லியிலும் இதே இழுபறிதான். ஜந்தர் மந்தரில் போராடக் கூடாது என்று 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018 ஜூலையில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முழுத் தடையை ஏற்கவில்லை; அங்கே வசிப்பவர்களின் நிம்மதிக்கும் போராடுகிறவர்களின் உரிமைக்கும் இடம் கொடுத்து விதி வகுக்கச் சொன்னது. 2020 அக்டோபரில் ஷாஹீன் பாக் சாலை மறியல் வழக்கில் அதே நீதிமன்றத்தின் குரல் கறாராக இருந்தது. பொதுச்சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது, ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் போராட வேண்டும் என்றது. சாலை மறியலுக்குத் திட்டமிடுகிறவர்கள் இந்த இரண்டாவது தீர்ப்பையும் படித்திருக்க வேண்டும். ரயில் மறியல் இன்னும் கடுமையானது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 174ஆம் பிரிவில், அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை.

144 போய் 163 வந்தது

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்களின் பெயரும் எண்களும் மாறிவிட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். ஊரே அறிந்த ‘144 தடை உத்தரவு’ இனி பி.என்.எஸ்.எஸ். 163. உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது. மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம்.

2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உத்தரவுகளுக்கு ஒரு வரம்பு கட்டியது. காஷ்மீரில் இணையமும் நடமாட்டமும் முடக்கப்பட்டபோது எழுந்த வழக்கு அது. முறையான கருத்து வெளிப்பாட்டை அடக்குவதற்கு 144ஐப் பயன்படுத்தக் கூடாது, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று உத்தரவை அடுக்கிக்கொண்டே போவது அதிகார துஷ்பிரயோகம், உத்தரவு வெளியிடப்பட வேண்டும் என்றது தீர்ப்பு. ‘தடை இருக்கிறது’ என்று சொல்லும் அதிகாரியிடம் ‘உத்தரவைக் காட்டுங்கள்’ என்று கேட்பது திமிராகாது என்பதற்கு இதுவே போதும்.

தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பு, 2018 செப்டம்பர் 20 அன்று வந்தது. கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் காவல் நிலைய வழக்கு ஒன்றை முன்வைத்து ஜீவானந்தம் உள்ளிட்டோர் தொடுத்த மனுவில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் எழுதியது. அரசு ஊழியரின் உத்தரவை மீறினார்கள் என்ற 188ஆம் பிரிவுக்கு (இப்போது பி.என்.எஸ். 223) போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. உத்தரவு பிறப்பித்த அதிகாரியோ அவரது மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்துப் புகார் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும். உத்தரவு முறையாக அறிவிக்கப்பட்டதா, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது தெரியுமா, அதை மீறியதால் இடையூறு நேர்ந்ததா என்பதையும் காட்ட வேண்டும். மண்டபத்துப் பட்டியலை வைத்துப் போடப்பட்ட ஏராளமான வழக்குகள் இந்தத் தீர்ப்பைச் சுட்டி உயர் நீதிமன்றத்தில் ரத்தாகியிருக்கின்றன.

ஆனால் ரத்து தானாக வராது. வழக்கறிஞர் வைத்து, மனு போட்டு, எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். தீர்ப்பின் பலன், அது இருப்பதை அறிந்தவருக்குத்தான் போய்ச் சேர்கிறது.

கூட்டம் எப்போது குற்றமாகிறது?

ஐந்து பேர் கூடினாலே குற்றம் என்று நம்புகிறவர்கள் அதிகம். அப்படி இல்லை. பி.என்.எஸ். 189இன்படி ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூடி, அவர்களின் பொதுநோக்கம் சட்டம் பட்டியலிட்ட ஒன்றாக இருக்க வேண்டும்: வன்முறையைக் காட்டி அரசை மிரட்டுவது, சட்ட நடவடிக்கையைத் தடுப்பது, சேதம், அத்துமீறல் போன்ற குற்றங்களைச் செய்வது, பலவந்தமாகச் சொத்தைப் பறிப்பது, பலவந்தமாக ஒருவரை ஏதாவது செய்ய வைப்பது. குடிநீர் கேட்டுக் காலிக்குடத்தோடு நின்று கோஷம் போடுவது இதில் எதிலும் சேராது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கலைந்து போகும்படி அதிகாரம் பெற்றவர் முறையாக ஆணையிட்ட பிறகும் நிற்பது தனிக் குற்றம். நிர்வாக நடுவர், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, அவர் இல்லாதபோது எஸ்.ஐ.க்குக் குறையாத அதிகாரி ஆகியோரே அந்த ஆணையைத் தர முடியும். இரண்டாவது, பி.என்.எஸ். 190. சட்டவிரோதக் கூட்டத்தின் பொதுநோக்கத்தை ஒட்டி ஒருவர் கல்லெறிந்தால், எறியாதவரும் பொறுப்பாகலாம். பொதுச்சொத்தோ தனியார் சொத்தோ சேதமானால், 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் கூடவே வரும். கூட்டத்தில் முகம் தெரியாதவர்கள் திடீரென்று சூடேற்றினால் விலகி நின்று, அதைப் பதிவு செய்வது பிறகு கைகொடுக்கும்.

காவல்துறையின் பலப்பிரயோகத்துக்கும் வரம்பு இருக்கிறது. 2011 ஜூன் 4 நள்ளிரவையொட்டி டெல்லி ராம்லீலா மைதானத்தில், பாபா ராம்தேவின் உண்ணாவிரதப் பந்தலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது போலீஸ் பாய்ந்தது. தடை உத்தரவு பிறந்ததே அன்றிரவு பதினொன்றரை மணி வாக்கில். ராஜ்பாலா என்ற பெண் காயமடைந்து பிறகு இறந்தார். தூங்குகிறவர்களைக் கலைந்து போக அவகாசம் தராமல் விரட்டியதை 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அவர் குடும்பத்துக்கு 5 லட்சம், பலத்த காயமடைந்தவர்களுக்குத் தலா 50,000 ரூபாய் இழப்பீடு. கூட்டத்தை நடத்திய அறக்கட்டளைக்கும் அதில் நாலில் ஒரு பங்கு பொறுப்பு என்றது. ஏற்பாட்டாளர்கள் மறக்கக் கூடாத பகுதி இந்தக் கடைசி வரி.

தூத்துக்குடி நினைவில் இல்லாதவர் இங்கே இருக்க முடியாது. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அந்த ஆணையத்தின் முன் போராட்டக்காரர்கள் வைக்க முடிந்தது சாட்சியமும் காணொளியும் மருத்துவப் பதிவுகளும்தான். அடிபட்டவர் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் காயத்தையும் அது நேர்ந்த விதத்தையும் எழுத வைப்பது அந்த வகையில் முக்கியமான காகிதம்.

மண்டபத்துக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

இனி மண்டபம். ‘கைது இல்லைங்க, சும்மா வைச்சிருக்கோம்’ என்ற பதிலை அங்கே கேட்காதவர் குறைவு. வெளியே போக விடாமல் ஒருவரை அடைத்து வைத்தால், அவர் காவலில் இருக்கிறார். அப்போதிலிருந்து அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு அவருக்குக் காவல். காரணம் சொல்லப்பட வேண்டும். விரும்பிய வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும்.

முன்பெல்லாம் மண்டபக் காவலுக்குப் போலீசார் முன்னெச்சரிக்கைக் கைதுப் பிரிவைக் காட்டினார்கள். அது இப்போது பி.என்.எஸ்.எஸ். 170. 24 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. புதிய சட்டத்தில் அதோடு 172 என்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. குற்றத்தைத் தடுக்கும் பணியில் போலீஸ் சொல்லும் சட்டப்படியான கட்டளைக்குப் பணியாதவரை அப்புறப்படுத்தலாம் அல்லது பிடித்து வைக்கலாம். நடுவர் முன் கொண்டு போக வேண்டும், சிறிய விஷயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் கூடிய சீக்கிரம் விட்டுவிட வேண்டும். மண்டபம் என்ற பழைய பழக்கத்துக்கு இப்போது சட்டப் புத்தகத்திலேயே ஒரு முகவரி கிடைத்துவிட்டது. அதனால் ‘எந்தப் பிரிவில் வைத்திருக்கிறீர்கள்?’ என்ற கேள்வி முன்பைவிட இப்போது அவசியம்.

கைது என்றால் அதற்கான முறைகள் 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தவை. அவை பிறகு சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். நேரமும் தேதியும் போட்ட கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திடுவார். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை உண்டு. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உடனே முடியாவிட்டாலும், ரிமாண்டுக்காக நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாகத் தந்தாக வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் காரணம் கொடுத்தால் போதாது.

எதில் கையெழுத்துப் போடுவது, எதில் போடக் கூடாது? கைதுக் குறிப்பிலும் கைப்பற்றிய பொருட்களின் பட்டியலிலும் படித்துப் பார்த்துவிட்டுப் போடலாம். வெற்றுத் தாளில் கூடாது. விசாரணையில் போலீசாரிடம் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 181 தெளிவாகச் சொல்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் கட்டாயம் எவருக்கும் இல்லை.

பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்வது விதிவிலக்கான சூழலில் மட்டும். அதற்கும் பெண் காவலர் எழுத்தில் அறிக்கை கொடுத்து நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க முடியாது; சிறார் நீதிக் குழுமத்திடம்தான் கொண்டு போக வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றத்துக்கு, அறுபது வயது கடந்தவரை டி.எஸ்.பி.யின் முன் அனுமதியின்றிக் கைது செய்ய முடியாது. ஓய்வூதியம் கேட்டுப் போராடும் முதியவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கடைசி விதியை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

கதவு திறந்த பிறகு

மாலையில் வெளியே வந்தவர் மறுநாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது. 2016இல் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர் நகல் பெறவும் உரிமை உண்டு என்றது. வழக்கு எண்ணும் பிரிவுகளும் கையில் இருந்தால் அடுத்த கணக்குப் போடலாம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக் காலவரம்பு உண்டு; பி.என்.எஸ்.எஸ்.படி அது எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியை வைத்தே கணக்கிடப்படும். சட்டவிரோதக் கூட்டத்தின் உறுப்பினர் என்பதற்கு ஆறு மாதம்தான் உச்சபட்சத் தண்டனை. எனவே ஓராண்டு கடந்த பிறகு பதிவான வழக்கு காலாவதியாகியிருக்கக்கூடும். வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சின்ன வழக்கு என்று விட்டுவைப்பது ஆபத்து. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டை மறுக்கக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6(2)(எஃப்) இடம் தருகிறது. சம்மனுக்குப் போகாமல் விட்டால் பிடியாணை வரும்.

பெரிய வழக்குகள் எப்படிப் போகும் என்பதற்குக் கூடங்குளம் உதாரணம். அணு உலையை எதிர்த்த கடலோரக் கிராமத்தினர் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பாய்ந்தன. தேசத்துரோகப் பிரிவும் அவற்றில் இருந்தது. 2013 மே மாதம் அணு உலைக்குப் பச்சைக்கொடி காட்டிய அதே தீர்ப்பில், போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நிலுவையில் கிடந்தன. 2021இல் ஆட்சி மாறியபின், பல்வேறு போராட்டங்களில் பதிவான ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக மாநில அரசு அறிவித்தது. ஒரு அரசு போட்டதை இன்னொரு அரசு எடுக்கும்வரை, அத்தனை குடும்பங்களும் வாய்தாவுக்கு அலைந்தன.

இன்னும் கனமான ஆயுதம் குண்டர் சட்டம். 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாடு சட்டம். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைக்கலாம். ஈழப் போரில் இறந்தவர்களுக்கு மெரினாவில் மெழுகுவர்த்தி ஏற்ற முயன்ற மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீது 2017இல் இது பாய்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 நவம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில், சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த ஏழு விவசாயிகள் மீது போடப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேருக்கு அரசே விலக்கிக்கொண்டது. இதிலும் எழுத்துதான் தற்காப்பு. காரணங்களைக் கூடிய விரைவில் தெரிவித்து, அவற்றை எதிர்த்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22(5). கொடுத்த ஆவணம் படிக்க முடியாதபடி இருந்தது, மொழிபெயர்ப்புத் தரவில்லை, முறையீட்டுக்குப் பதில் தாமதமானது போன்ற குறைகளாலேயே பல தடுப்புக்காவல் உத்தரவுகள் நீதிமன்றத்தில் விழுகின்றன.

வழக்கமாக எழும் கேள்விகள்

இத்தகைய கூட்டங்களின் முடிவில் அநேகமாக எழும் கேள்விகள் சிலவற்றுக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம்.

அரசு ஊழியர் ஆர்ப்பாட்டம் செய்யலாமா? 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், எந்த ஆர்ப்பாட்டமும் கூடாது என்ற பீகார் விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வேலைநிறுத்தம் வேறு. 2003இல் தமிழ்நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே வீச்சில் வேலை நீக்கம் செய்யப்பட்டபோது வந்த டி.கே. ரங்கராஜன் தீர்ப்பு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. மதிய இடைவேளையில் அலுவலக வாசலில் கோஷம் போடுவதும் வேலையைப் புறக்கணிப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகாது.

முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு இந்த உரிமை உண்டா? கூடும் உரிமையைத் தரும் 19ஆம் பிரிவு இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21, சாதாரணக் கைதின்போது துணை நிற்கும் 22 ஆகியவை இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் பொருந்தும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. மண்டபத்துக்குள்ளிருந்தும் அழைக்கலாம். கைபேசி பறிபோகலாம் என்பதால், அதையும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் எண்ணையும் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்; நல்ல பழக்கம்.

போலீசாரைப் படம் பிடிக்கலாமா? பொது இடத்தில் நடப்பதைப் படம் எடுக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. காவல் நிலையமே அலுவல் ரகசியச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்ட இடம் ஆகாது என்று பாம்பே உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. கைபேசியைக் கேட்டால்? பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கிக்கொள்வது முறையான கைப்பற்றல் ஆகாது. கைப்பற்றுவதானால் பட்டியல் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அந்த நடவடிக்கை முழுவதையும் காணொளியாகவும் ஒலியாகவும் போலீசாரே பதிவு செய்து, தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 105. பட்டியலில் கைபேசியின் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் கார்டு எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து ஒரு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு நீதிமன்றத்தில் அதைத் திரும்பக் கேட்டு மனுப் போடும்போது வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்த நகலைத்தான்.